ஆத்தா படத்துக்குப் பக்கத்து ஆணி

என் வயதுக்காரர்களே, நாம் எல்லோரும் மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காரும் வயதுக்கு வந்துவிட்டோம். ஒன்றாகப் படித்தவர்களின் போன் குழுவில் முன்பெல்லாம் கோலப் படமும் கல்யாணப் பத்திரிகையும் வரும். இப்போது யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்றுதான் வருகிறது. போன வாரம் நம்மில் ஒருத்தி, தன் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய்விட்டதாகவும், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யச் சொல்லியிருப்பதாகவும் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தாள். கடைசியில் ஒன்று கேட்டிருந்தாள். "இனிமே அவர் வாசலைத் தாண்டவே முடியாதா?"

அந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஏனென்றால் அதே கேள்வி எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கக் கிடந்தது. நான் பத்தாவதைத் தாண்டாதவள். அழகாக எழுதத் தெரியாது. மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தோழியே, உனக்காகத்தான். மற்றவர்களும் படியுங்கள்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் முக்கால்வாசிப் பேர் பட்டாசு செய்யும் ஆபீஸுக்கு வேலைக்குப் போனார்கள். எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அப்பா அந்த நிலத்தில்தான் பிறந்தவர் போல இருப்பார். வீட்டுக்குள் அவரைப் பார்ப்பதே அபூர்வம். விடிவதற்கு முன் வரப்பில் நிற்பார். சோளக் காட்டில் எந்த மூலையில் காடை முட்டையிட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடியில் கிடக்கும் மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வருவார். சாத்தூருக்குப் பஸ் ஏறமாட்டார். சைக்கிள்தான். திரும்பி வரும்போது காரியரில் வெள்ளரிக்காய்ப் பையும், எண்ணெய் ஊறிய காகிதத்தில் காரச் சேவும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊரே மஞ்சள் உடுத்தி, சாத்தூருக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மஞ்சள் கொடி பிடித்து நடப்பவர் அப்பா. கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவர்தான்.

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது அந்தக் கால்கள் வீங்கின. பிறகு முகம் வீங்கியது. சோறு வாயருகே போனால் குமட்டல். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு சிறுநீரகங்களும் செத்துவிட்டன என்றார்கள். வாரம் மூன்று நாள் மதுரைக்கு வந்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது வீட்டிலேயே செய்யும் வழி ஒன்று இருக்கிறது என்றார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைப்பார்கள். ஒரு பையிலிருந்து இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் அதன் வழியாக வயிற்றுக்குள் இறங்கும். சில மணி நேரம் உள்ளே கிடந்து உடம்பின் கசடை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பிறகு அதைக் காலிப் பையில் இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அந்தக் காலத்தில் நம் பக்கம் இப்படி ஒரு வைத்தியத்தை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அப்பா யோசிக்கவே இல்லை. "வீட்டுலயே பாத்துக்கிறேன்" என்றார். அவர் நினைத்தது வீட்டை அல்ல, வீட்டைச் சுற்றி இருந்த காட்டை.

பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பழக்கினார்கள். என்னை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் நானும் கூடவே இருந்தேன். ஒரு நர்சம்மா சொல்லிக்கொடுத்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். காற்றாடியை நிறுத்த வேண்டும். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். குழாய் திறந்திருக்கும்போது பேசக் கூடாது. ஒரு தூசி உள்ளே போனாலும் வயிறு சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து. வெளியே வந்த தண்ணீர் வெளுத்த மஞ்சளாகத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கி இருந்தால் ஓடி வந்துவிட வேண்டும். "பைக்கு அடியில அச்சடிச்ச காகிதத்த வச்சுப் பாரு பாப்பா. எழுத்துத் தெரிஞ்சா நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று என்னிடம் சொன்னார்கள். அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

வீட்டில் நெல் மூட்டை போட்டிருந்த உள்ளறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினோம். மருந்துப் பைகள் அட்டைப் பெட்டியில் லோடு லோடாக வந்து இறங்கின. நம் பக்கம் அட்டைப் பெட்டி அதிசயமா? பார்த்தவர்கள் பட்டாசு பார்சல் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா பழைய சைக்கிள் கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்தார். சுவரில் ஓர் ஆணி, ஆணியில் கொக்கி, கொக்கியில் பை. தரையில் காலிப் பை.

பையை வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும், வெந்நீரில் போடக் கூடாது என்றார்கள். கரண்டு இருக்கும்போது, கரண்டில் சூடாகும் ஒத்தடத் துணி. இல்லாதபோது என் மடி. கம்பளியில் சுற்றி அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இரண்டு லிட்டர் என்பது பிறந்த பிள்ளையின் கனம் இருக்கும். உள்ளே தண்ணீர் அசையும்போது பிள்ளை புரள்வது போலவே இருக்கும். பின்னாளில் என் மூத்தவளை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அந்தப் பைதான் ஞாபகம் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள்.

பழைய தண்ணீர் வெளியே இறங்கி முடிந்ததும் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பைக்கு அடியில் வைப்பேன். சிவகாசிக் காலண்டரில் எழுத்துக்குக் குறைவா? நல்ல நேரம், ராகு காலம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். அப்பாவின் ராசிக்குப் போட்டிருக்கும் சொல் பையின் வழியாகத் தெளிவாகத் தெரிந்தால் தலையாட்டுவேன். 'வீண் அலைச்சல்' என்று போட்டிருந்த அன்றைக்கும் மகிழ்ச்சியாகத்தான் தலையாட்டினேன். எழுத்துத் தெரிந்ததே, அது போதாதா?

ஆனால் அப்பா வாடிப்போனார். நோயால் அல்ல. அம்மா அவரை வாசலைத் தாண்ட விடவில்லை. "சுத்தமா இருக்கணும்னு சொல்லியிருக்காக. தூசி ஆகாது. வெயில் ஆகாது. கெணத்துப் பக்கமே போகக் கூடாது." சைக்கிள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவரும் எங்களிடம் சொல்லியிருந்தார். "சீக்காளின்னு தெரிஞ்சா கொடிய வாங்கிருவாங்க. கட்டில்ல உக்கார வச்சு, சாத்துக்குடியும் கையுமாப் பாக்க வருவாங்க. அது வேண்டாம்."

ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, ஒங்கப்பன் எங்க? வாரக்கணக்கா ஆளையே காணோம். அந்த ரூம்புக் கதவு வேற சாத்தியே கெடக்கு."

"உள்ள இருக்காக."

"உள்ள இருந்து என்ன பண்றாக?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. எங்கள் எல்லைச் சாமிக்குப் பூசாரி வாயில் துணி கட்டிக்கொண்டு, பேசாமல், திரைக்குள் பூசை செய்வது கண்ணில் வந்தது. அப்பாவும் அப்படித்தானே நிற்கிறார்?

"வாயக் கட்டிக்கிட்டுப் பூசை பண்றாக அத்தை."

அத்தை வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள். "நெசமாவா? எத்தன தடவ?"

"ஒரு நாளைக்கு நாலு தடவ."

"நாலா! ஆத்தாடி, கோயில்லயே ரெண்டு தடவதான!"

மறுநாள் வாசற்படியில் ஐந்து எலுமிச்சம்பழமும் சூடமும் இருந்தன. அதற்கு அடுத்த நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து நின்றாள். பட்டாசு ஆபீஸ் முடிந்து வரும் பெண்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

"யாருலே இது, வாசல்ல எலுமிச்சம்பழத்த வச்சது? எவனும் செய்வினை வச்சிட்டானா?" என்று அப்பா கத்தினார். நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சரி, கெடக்கட்டும். சீக்காளிங்கிறதுக்குச் சாமியாடி எம்புட்டோ மேலு" என்றார் அப்பா.

பெரியவர்கள் இருவரும் என் பொய்யை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று நினைத்தால் அது தப்பென்று படுகிறது. அன்று எனக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் குளித்துவிட்டு விளக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், 'ஆத்தா, ஒன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன், கண்ணக் குத்திராத' என்று வேண்டிக்கொள்வேன்.

எலுமிச்சம்பழம் சாதமானது. ஆனால் அப்பாவின் வாட்டம் போகவில்லை. ஆடி பிறந்த அன்று அம்மாவிடம் சொன்னார்: "இந்த ஆடிக்கு நடக்க விடலைன்னா இந்தக் குழாய அறுத்துப் போட்டுருவேன். ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு உசிரு எதுக்கு?" அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சும்மா சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பையை ஏற்ற மறுத்துவிட்டார். மறுநாள் காலை வரைக்கும் மறுத்தார். கால் இரண்டும் பூசணிக்காய் போல ஆகிவிட்டன. அம்மா காலில் விழுந்த பிறகுதான் அறைக்குள் போனார்.

அவர் பின்னாலேயே வாயைக் கட்டிக்கொண்டு நானும் போனேன். பேசக் கூடாது என்பதால் நாங்கள் இருவரும் அந்த அறைக்கென்று ஒரு சிலேட்டு வைத்திருந்தோம். ஈரத் துணியால் அழித்து அழித்து நான் எழுதுவேன், அப்பா கண்ணால் பதில் சொல்வார். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பல நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை எழுதிக் காட்டினேன்.

'நடக்கலாம்னு நர்சம்மா சொன்னாங்க.'

அப்பா படித்தார். கையை நீட்டக் கூடாது என்பதால் புருவத்தால் கேட்டார், யாரிடம் என்று.

'அம்மாட்ட. ஆஸ்பத்திரி வாசல்ல. நடக்கலாம், காட்டுக்குப் போகலாம், கிணத்துல மட்டும் இறங்கக் கூடாதுன்னாங்க.'

அம்மா பாதியைத்தான் சொல்லியிருந்தாள். கூடாது என்ற பாதியை மட்டும்.

வாய்த்துணிக்கு மேலே அப்பாவின் கண் நிறைந்து வழிந்தது. குழாயை மூடி முடித்து, துணியை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து, அம்மா முன்னால் நின்றார். சண்டை போடுவார் என்று பயந்தேன். "சாவியக் குடு" என்றார், அவ்வளவுதான். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் நான்தான் அவிழ்த்துக்கொடுத்தேன் என்று ஞாபகம்.

அதன் பிறகு அப்பா காலையில் அரை மைல், சாயங்காலம் அரை மைல் என்று நடந்தார். ஆடி முடிவதற்குள் சாத்தூர் ரோட்டில் பாதித் தூரம் போய்த் திரும்புவார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். குதிக்கமாட்டார்.

கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். விடியும் முன்பே வீட்டில் ஒரு தடவை ஏற்றிவிட்டு, மஞ்சள் வேட்டி கட்டிக் கொடியைக் கையில் எடுத்தார். தீபாவளிச் சீசன் நேரமாக இருந்தாலும் கடைசி வெள்ளியை ஒட்டிப் பட்டாசு ஆபீஸெல்லாம் லீவு. அதனால் கூட்டம் நிறைய. அரிசி, பாத்திரம் ஏற்றின வேனில் எங்கள் மருந்துப் பெட்டியும் ஏறியது. வேன்காரர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மத்தியானப் பூசைக்கு ஒரு சுத்தமான அறை வேண்டும் என்று அவரிடம் சொல்லி, வேனை முன்னால் அனுப்பிவைத்தது அம்மாதான். மற்ற இரண்டு தடவைக்குக் கோயில் பக்கத்திலேயே ஒரு விடுதி அறை பேசியிருந்தாள்.

நான் பாதி வழி நடந்தேன். பிறகு வேன் திரும்பி வந்து என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டது, மத்தியானப் பையை நான் மடியில் சூடேற்ற வேண்டுமே. ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி வாரி முகத்தில் அடித்தது. வெளியிலோ வேனுக்குள்ளோ குழாயைத் திறக்கவே முடியாது.

சாத்தூருக்கு மேற்கே ஒரு ஊரில் நடைக்காரர்களுக்கு மோரும் சோறும் கொடுக்கும் வீடு ஒன்று. அந்த வீட்டுக்காரி பட்டாசு ஆபீஸில் பெண்களை வேலை வாங்கும் கண்காணி. ஆள் நல்ல வாட்டசாட்டம். எத்தனை தேய்த்துக் குளித்தும் போகாத, பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி நகக்கண்ணில் மினுங்கியது. அப்பா கொடியோடு வந்து நின்றதும் காலில் விழப் போனாள்.

"வாங்க அண்ணாச்சி. வாய்கட்டுப் பூசைக்காரக வர்றாகன்னு வேன்காரத் தம்பி சொல்லுச்சு. எல்லாம் தயாரா வச்சிருக்கேன்."

கதவைத் திறந்து காட்டினாள். அம்மாவின் முகம் செத்துப்போனது.

அந்த அம்மா தன்னால் முடிந்ததிலேயே உயர்ந்ததைச் செய்திருந்தாள். மண் தரை முழுக்கப் பச்சைச் சாணியால் மெழுகி, ஈரம் காயாமல் மாக்கோலம் போட்டிருந்தாள். மூலையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. நான்கு பக்கமும் வேப்பிலை. சாமி கும்பிட அதைவிடச் சுத்தமான இடம் கிடையாது. குழாயைத் திறக்க அதைவிட ஆபத்தான இடமும் கிடையாது. வாசலில் இருபது பெண்கள் விபூதிக்குக் கை நீட்டக் காத்திருந்தார்கள்.

வேறு அறை கேட்டால், சாணி மெழுகின இடம் வேண்டாம் என்று எந்தச் சாமியாடி சொல்வான்? அம்மா அப்பாவின் காதருகே, "ஒரு தடவதான. உள்ள போயி வந்துருங்க. ஆத்தா பாத்துக்குவா" என்றாள். எனக்குக் கேட்டது. அப்பா கொடியைப் பார்த்தார். பின்னால் நின்ற ஊரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஒரு காலை உள்ளே வைத்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. ஆத்தா கொடுத்ததுதான். பையை மாரோடு அணைத்துக்கொண்டு அம்மாவைத் தாண்டி ஓடினேன்.

"அப்பா, உள்ள போகாதீக! நான் சொன்னது பொய்! எங்கப்பா பூசை பண்ணல. எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ரெண்டு கிட்னியும் செத்துப்போச்சு. இந்தத் தண்ணிய வயித்துல ஏத்தணும். சாணி பட்டா செத்துப் போவாக!"

அப்பா காலை எடுத்துக்கொண்டார். தலை குனிந்திருந்தது.

கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தது பக்கத்து வீட்டு அத்தைதான். "அப்ப எம்புட்டு எலுமிச்சம்பழம் வச்சேன், எல்லாத்தையும் என்னடி பண்ணீக?"

"சோத்துல பெசஞ்சு தின்னுட்டோம் மதினி" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்காணி சிரிக்கவில்லை. என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையை ஒரு விரலால்கூடத் தொடாமல் பார்த்தாள்.

"பதறாம சொல்லு தாயி. காத்து வரக் கூடாதா?"

"கூடாது."

"கை சுத்தமா இருக்கணும். உள்ள பேசக் கூடாது. கூட்டம் கூடாது. தரையில பொடி, தூசி இருக்கக் கூடாது. அப்பிடித்தான?"

"ஆமா."

"இதென்ன பெரிய வித்தையா? எங்க ஆபீஸ்ல வெடிமருந்து கலக்குற ரூம்பும் இப்பிடித்தான். நாலு பேருக்கு மேல ஒருத்தி நுழைஞ்சா செவுட்டுல அறைவேன்." எழுந்து இடுப்பில் சேலையைச் செருகினாள். "சாமின்னா சாணி, சீக்குன்னா பினாயிலு. ரெண்டும் இந்த வீட்டுல இருக்கு. மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன அண்ணாச்சி?"

அவள் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் பின்பக்கம் புதிதாக ஓர் அறை கட்டி, சிமெண்டுத் தரை போட்டு, யாரும் குடிபுகாமல் பூட்டி வைத்திருந்தாள். ஆத்தா படம் மட்டும் மாட்டியிருந்தது. அந்த அறையைப் பத்து நிமிஷத்தில் பினாயில் ஊற்றித் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்தாள். அம்மா ஒவ்வொரு மூலையையும் கையால் தடவிப் பார்த்தாள். பையை மாட்ட ஆணி வேண்டும் என்றேன். சுவரில் இருந்தது ஒரே ஆணி, ஆத்தா படம் தொங்கின ஆணி.

கண்காணி அரை நிமிஷம் நின்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தை இறக்கினாள். "ஆத்தா கொஞ்ச நேரம் அடுப்படியில உக்காந்துக்கிருவா. அவளும் பொம்பளதான, புரியும்" என்று மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அப்பாவும் நானும் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம். கொக்கியை ஆணியில் மாட்டினார். வெளியே, "ஏலே, அங்கன என்ன பேச்சு? மூடுங்கலே வாய" என்று அவள் குரல் ஒரு தடவை கேட்டது. அப்புறம் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அறையில்கூட அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. காலண்டர் தாளை அம்மா மடித்துக் கொடுத்திருந்தாள். பைக்கு அடியில் வைத்தேன். அப்பாவின் ராசிக்கு என்ன போட்டிருந்தது என்று இப்போது ஞாபகம் இல்லை. எழுத்து அத்தனையும் தெரிந்தது. தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது எங்கள் ஊர் இளவட்டம் ஒருவன் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மாமா, நீங்க வேன்ல வாங்க. இனிமே நான் புடிச்சிக்கிறேன்."

அப்பா எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. அவர் வேனைப் பார்க்க நடந்தார்.

"ஏலே" என்றாள் கண்காணி. "காலையில இருந்து அதப் புடிச்சிக்கிட்டு நடந்து வந்தது யாரு, நீயா?"

"இல்லக்கா, அவுகளுக்கு உடம்பு..."

"உடம்பு அவுகளுது. நடக்க முடியலைன்னா அவுக சொல்லுவாக. குடுலே கொடிய."

அவன் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகு அவனுக்கே சந்தோஷமாக இருந்தது போல, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

பெண்கள் இன்னும் போகவில்லை. கைப்பிள்ளை வைத்திருந்த ஒருத்தி, "பூசாரியோ என்னமோ, பூசி விடுங்கண்ணே. வயித்துல தண்ணியத் தூக்கிக்கிட்டு ஆத்தாளப் பாக்க நடக்குறீகளே" என்றாள். அப்பாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கண்காணியின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார். "நான் பூசக் கூடாதும்மா. நீங்க எனக்குப் பூசி விடுங்க." அவள் மடியிலிருந்த விபூதியை எடுத்து அவர் நெற்றி நிறையப் பூசினாள். வெள்ளிப் பொடியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கோயில் போய்ச் சேரும்வரை அப்பாவின் நெற்றி வெயிலில் மினுங்கிக்கொண்டே போனது. நான் வேனில் ஏறவில்லை, அந்த மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பொழுது இறங்கும்போது ஆற்றுக்கு வந்துவிட்டோம். எல்லோரும் மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்தார்கள். அப்பா கணுக்கால் வரைக்கும் நின்றுகொண்டார். அது போதும் என்பது போல இருந்தது அவர் முகம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பயந்துட்டேன். அதான் சொல்லல" என்றாள். "தெரியும்" என்றார் அப்பா. காரச் சேவுக் கடை பக்கம் போகும்போது உப்பு ஆகாது என்பதால் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

தோழியே, அப்பா அதன் பிறகு ஏழு ஆடி நடந்தார். இரண்டு தடவை வயிறு சீழ் பிடித்து மதுரையில் கிடந்தார். அதையும் சொல்லாமல் விட்டால் நானும் அம்மாவைப் போலப் பாதி சொன்னவள் ஆவேன். உன் வீட்டுக்காரரை உங்கள் டாக்டர் எவ்வளவு அனுமதிக்கிறாரோ அவ்வளவும் வெளியே அனுப்பு. ஊருக்கும் சொல். நம் ஜனங்கள் எலுமிச்சம்பழமும் வைப்பார்கள், பினாயிலும் ஊற்றுவார்கள். எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சைக்கிள் கம்பிக் கொக்கி எங்கே போனதென்று தெரியவில்லை. சிலேட்டும் இல்லை. எங்கள் வீட்டு உள்ளறையில் இப்போது சித்தப்பா மகனின் பெண்சாதி மிக்சி, கிரைண்டர் வைத்திருக்கிறாள்.

ஆனால் நான் ஒவ்வோர் ஆடிக்கும் நடக்கிறேன். மத்தியானம் அந்த வீட்டில்தான் மோர். கண்காணியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. அடுத்த ஆடிக்கு நாங்கள் போனபோதே அவள் ஆத்தா படத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து வைத்திருந்தாள். "வருசா வருசம் ஆத்தாள அடுப்படிக்கு அனுப்ப முடியுமா அண்ணாச்சி?" என்றாள். அப்பா போன பிறகும் அந்த ஆணியில் அவள் வேறெதையும் மாட்டவில்லை.

போன ஆடியில் அந்த அறைக்குள் நுழைந்தேன். ஆத்தா படத்துக்கு மாலை. பக்கத்து ஆணிக்கு மஞ்சள் பூசி, ஒரு குங்குமப் பொட்டு.

"இது எதுக்கு?" என்று, அப்பா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த கடைசி மருமகளைக் கேட்டேன்.

"தெரியாதாக்கா? இங்கன ஒரு பெரிய சாமியாடி வந்து வாயக் கட்டிப் பூசை பண்ணுவாகளாம். அவுக ஆணி. பொட்டு வச்சிட்டுத்தான் பிள்ளைகளப் பரீட்சைக்கு அனுப்புறேன்."

கண்காணியம்மா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீயே சொல், உன் பொய்தானே என்பது போல.

இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. ஆணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தேன்.